போர்வீரரின் அடையாளச் சீட்டு: பேணலும் உரிமையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

போர் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் அரசர், தளபதியர், உடன்படிக்கைகள் ஆகியவற்றின் வரலாறுகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. படையில் நின்ற சாதாரண மனிதனின் வரலாறு பிற்காலத்திலேயே ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தது. அவ்வாறு ஈர்த்தபோதும், அவனது சட்டைப்பையில் இருந்த சிறு காகிதம் ஆய்வுப்பொருளாகக் கொள்ளப்பட்டமை அரிது. படைவீரனின் பெயர், பதவி, படைப்பிரிவு, தொடரெண் ஆகியவற்றைத் தாங்கிய அடையாளச் சீட்டினையே ஈண்டுக் கருதுகின்றோம். அதனைத் தொலைத்தல் ஒழுங்குக் குற்றமென்றும், பேணுதல் கடமையென்றும் எல்லாப் படைகளும் தம் வீரர்க்குப் போதித்து வந்துள்ளன. ஆயின், அச்சீட்டு யாருடைய நலன் கருதித் தோன்றியது? அதனைப் பேணும் பொறுப்பு வீரனுக்கு மட்டும் உரியதா? அச்சீட்டு வழங்கப்படாதோரின் கதி யாது? இவ்வினாக்களை வரலாற்றடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரற்றோராய் மடிந்தோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் போர்க்களத்தில் மடிந்த சாதாரண வீரன் பெயரற்றவனாகவே புதைக்கப்பட்டான். உயர் உத்தியோகத்தரின் உடல் தேடியெடுக்கப்பட்டது. ஏனையோர் பெருங்குழிகளில் ஒன்றாக இடப்பட்டனர். குடிமக்களைப் பெருந்தொகையாகத் திரட்டிய படைகள் தோன்றியபோதே இந்நிலைமை கேள்விக்குரியதாயிற்று. கூலிக்குப் போரிட்டவனைத் தேடுவார் இலர். குடும்பத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட மகனைத் தேடுவார் உளர்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-1865) இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது. 1864 ஆம் ஆண்டு யூன் மாதம் கோல்ட் ஹார்பர் என்னுமிடத்தில் நடைபெறவிருந்த தாக்குதலுக்கு முன்னர், வீரர்கள் தம் பெயரையும் முகவரியையும் காகிதத் துண்டுகளில் எழுதிச் சட்டையின் முதுகுப்புறத்தில் குத்திக்கொண்டனர் என்பதைத் தளபதி கிராண்டின் துணை உத்தியோகத்தராயிருந்த ஹொரஸ் போட்டர் தம் நினைவுநூலிற் பதிவு செய்துள்ளார். அரசு வழங்காத அடையாளத்தை வீரர் தாமே ஆக்கிக்கொண்டனர் என்பது இங்குக் கருதத்தக்கது. போரின் பின்னர் வடபுலப் படையினரின் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட உடல்கள் தேசிய மயானங்களில் மீளப் புதைக்கப்பட்டன. அவற்றுள் பாதிக்குச் சற்று மேற்பட்டவையே அடையாளங் காணப்பட்டன. எஞ்சிய கற்களில் இலக்கங்கள் மட்டுமே பொறிக்கப்பட்டன.

ஐரோப்பாவில் 1870-1871 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த பிரான்சிய - பிரஷ்யப் போரில் பிரஷ்ய வீரர் உலோக அடையாளத் தகடுகளை அணிந்திருந்தனர். 1906 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, இறந்தோர் உடலிற் காணப்படும் அடையாளக் குறிகளையும் படைப்பத்திரங்களையும் அவரவர் நாட்டு அதிகாரிகளுக்கு இயன்றளவு விரைவாக அனுப்புமாறு போரிடும் தரப்புகளைப் பணித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவும், அடுத்த ஆண்டில் பிரித்தானியாவும் அலுமினியத் தகட்டினை ஏற்றன. ஆகவே, அடையாளச் சின்னம் என்பது உளவு தடுக்கும் கருவியாகத் தோன்றியதன்று. இறந்தவனின் பெயரை அவன் வீட்டாருக்கு மீட்டுக் கொடுக்கும் கருவியாகவே தோன்றியது எனலாம்.

2. ஒற்றைத் தகட்டின் குறைபாடு

முதலாம் உலகப்போர் இவ்வேற்பாட்டின் போதாமையைப் புலப்படுத்தியது. பிரித்தானிய வீரன் ஒவ்வொருவனிடமும் தகடு ஒன்றே இருந்தது. மரணத்தை அறிவிக்கும் பொருட்டு அதனைக் கழற்றியெடுத்தால், உடல் அடையாளமின்றிக் கிடந்தது. கழற்றாது விட்டால், மரணம் பதிவாகாது போயிற்று. 1916 ஆம் ஆண்டிலேயே இரு தகடுகள் வழங்கும் முறை வந்தது. ஒன்று உடலோடு இருக்க, மற்றொன்று பதிவின் பொருட்டு எடுக்கப்பட்டது. இத்தத்துவம் 1929 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் விதியாகவே இடம்பெற்றது. தகட்டின் ஒரு பாதி உடலோடு இருத்தல் வேண்டும், மறு பாதி அனுப்பப்படல் வேண்டும் என அது கூறிற்று.

இச்சிறு குறைபாட்டுக்குக் கொடுக்கப்பட்ட விலை சிறிதன்று. பிரான்சின் தியெப்வால் நினைவகத்தில் அறியப்பட்ட கல்லறை இல்லாதோர் 72,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்களும், பெல்ஜியத்தின் மெனின் வாயிலில் அத்தகையோர் 54,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. இவர்கள் அனைவரும் தகட்டின் குறையால் மட்டும் தொலைந்தவரல்லர். பீரங்கிக் குண்டும் சேறும் பலரது உடலையே விட்டுவைக்கவில்லை. எனினும், உடல் கிடைத்தும் பெயர் கிடைக்காதோர் பல்லாயிரவர் என்பதற்கு, “கடவுளுக்கு மட்டும் தெரிந்த வீரன்” என்ற பொருள்பட எழுதப்பட்ட கற்களே சான்றாகும்.

தகட்டோடு காகிதமும் சேர்ந்தே வளர்ந்தது. பிரித்தானிய வீரன் சம்பளப் புத்தகம் ஒன்றை வைத்திருந்தான். அவனது தொடரெண், பெற்ற சம்பளம், ஏற்றப்பட்ட தடுப்பூசி, நெருங்கிய உறவினர் ஆகிய விபரங்களோடு, போர்க்களத்தில் அவன் எழுதத்தக்க மரணசாசனத்துக்கான பக்கமும் அதில் இருந்தது. ஜேர்மன் வீரனிடமும் இத்தகைய சம்பளப் புத்தகமே அடையாளப் பத்திரமாகப் பயன்பட்டது. எனவே, அதனை இழந்தவன் அடையாளத்தோடு ஊதியத்துக்கும் உரிமைக்குமான ஆதாரத்தையும் இழந்தான். அவன் இறப்பின், மனைவியின் ஓய்வூதியக் கோரிக்கையும் இடர்ப்பட்டது. பேணுதல் என்பதன் முதற் பொருள் இதுவே.

3. பகைவர் கையிற் பத்திரம்

அடையாளத்தை நிறுவும் பத்திரம், போலி அடையாளத்தையும் நிறுவவல்லது. இதற்கு இரண்டாம் உலகப்போர் வழங்கும் சான்றுகள் பல. அவற்றுள் இரண்டினை இங்கு நோக்குவோம்.

1943 ஆம் ஆண்டு ஏப்ரில் 30 ஆம் திகதி ஸ்பெயினின் வெல்வா கரையோரத்தில் பிரித்தானியக் கடற்படை உத்தியோகத்தர் ஒருவரின் உடல் மீட்கப்பட்டது. மேஜர் வில்லியம் மார்ட்டின் என்ற பெயரில் அடையாள அட்டையும், நேசநாடுகள் கிரேக்கத்தையும் சார்டினியாவையும் தாக்கவுள்ளன என உணர்த்தும் கடிதங்களும் அவ்வுடலோடு இருந்தன. உண்மையில் அப்படி ஓர் உத்தியோகத்தர் இருந்ததில்லை. அது பிரித்தானிய உளவுத்துறை வகுத்த ஏமாற்று. யூலை 10 ஆம் திகதி நேசப்படைகள் சிசிலியில் இறங்கின. இத்திட்டத்தை வகுத்தோருள் ஒருவரான இவென் மொண்டாகு 1953 இல் வெளியிட்ட நூல் அதன் நுட்பங்களை விளக்குகின்றது. அட்டைக்கான ஒளிப்படத்துக்கு உருவொத்த வேறோர் உத்தியோகத்தர் பயன்பட்டார். அட்டை புத்தம் புதியதாகத் தோன்றுவதை நியாயப்படுத்த, தொலைந்துபோன முன்னைய அட்டைக்குப் பதிலாக வழங்கப்பட்டது என்ற குறிப்பு அதில் எழுதப்பட்டது. அலுவலக அனுமதிச்சீட்டோ காலங்கடந்ததாகவே வைக்கப்பட்டது.

இவ்விரு நுட்பங்களும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. உத்தியோகத்தர் அட்டையைத் தொலைப்பர், சீட்டைப் புதுப்பிக்க மறப்பர் என்பது எத்துணை வழக்கமான செய்தியாயிருந்ததெனின், அக்கவனக்குறைவே போலி மனிதனை மெய்ம்மனிதனாகக் காட்டும் முத்திரையாக உதவியது. பத்திரங்களைப் பேணாமை ஒரு படையில் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது சான்று 1944 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆர்டென் பகுதியில் நிகழ்ந்தது. ஒட்டோ ஸ்கோர்செனியின் பொறுப்பில், ஆங்கிலம் பேசும் ஜேர்மன் வீரர் சிலர் அமெரிக்கச் சீருடையுடன் நேசநாட்டு அணிகளின் பின்புறம் அனுப்பப்பட்டனர். அவர்கள் விளைத்த நேரடிச் சேதம் பெரிதன்று. ஆயின், அவர்கள் ஊடுருவினர் என்ற செய்தி பரவியதும், அமெரிக்கக் காவலர் எவரது அட்டையையும் நம்ப மறுத்தனர். மாநிலத் தலைநகரங்கள் பற்றியும், விளையாட்டு வீரர் பற்றியும் வினாக்கள் எழுப்பப்பட்டன. தளபதி ஒமர் பிராட்லியிடமே இலினோய் மாநிலத்தின் தலைநகர் வினவப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்ட் என அவர் சரியாக விடை கூறியும், சிக்காகோ என எண்ணியிருந்த காவலன் அதனை ஏற்கத் தயங்கினான். நகைப்புக்குரியதாகத் தோன்றும் இச்சம்பவம் உணர்த்தும் உண்மை பாரதூரமானது. சில பத்திரங்கள் பொய்த்தமையால் எல்லாப் பத்திரங்களும் மதிப்பிழந்தன. ஓர் அட்டையின் பாதுகாப்பு ஏனைய அட்டைகள் யாவற்றின் நம்பகத்தன்மையையும் தாங்கி நிற்கின்றது. பிடிபட்ட ஊடுருவல் வீரர் பலர் உளவாளிகளெனத் தீர்க்கப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

4. சட்டத்தில் அட்டையின் இடம்

பிடிபடுபவன் போர்க்கைதியா, உளவாளியா என்ற வினா உயிரையே தீர்மானிப்பது. இதனாலேயே அனைத்துலகச் சட்டம் அடையாளப் பத்திரத்துக்குத் தனியிடம் அளித்தது. கைதியின் அடையாளப் பத்திரங்களைப் பறித்தலாகாது என 1929 ஆம் ஆண்டின் உடன்படிக்கை விதித்தது. 1949 ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை இதனை மேலும் விரித்தது. அதன் 17 ஆம் உறுப்புரை, போர்க்கைதியாகக் கூடிய ஒவ்வொருவருக்கும் பெயர், பதவி, தொடரெண், பிறந்த திகதி ஆகியன கொண்ட அட்டையை வழங்குமாறு போரிடும் தரப்பைக் கட்டாயப்படுத்துகின்றது. அட்டை இயன்றளவு 6.5 சதமமீற்றர் அகலமும் 10 சதமமீற்றர் நீளமும் உடையதாய், இரு பிரதிகளாக வழங்கப்படல் வேண்டும். கேட்குமிடத்துக் கைதி அதனைக் காட்டவேண்டும். எவ்வகையிலும் அவனிடமிருந்து அதனைப் பறித்தலாகாது. பத்திரமற்ற கைதிக்கு, அவனைப் பிடித்து வைத்திருக்கும் அரசே பத்திரம் வழங்கவேண்டும் என 18 ஆம் உறுப்புரை கூறுகின்றது. படை மருத்துவருக்கும் தாதியருக்கும் உரிய அட்டை நீர்புகாததாயும் சட்டைப்பையில் அடங்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டுமென்பதும், அது தொலையுமாயின் பிரதி பெற அவர்க்கு உரிமை உண்டென்பதும் முதலாம் உடன்படிக்கையின் 40 ஆம் உறுப்புரையாற் பெறப்படும்.

இவ்விதிகளின் அடிப்படையை நோக்கின், படை ஒழுக்க விதிகளுக்கும் இவற்றுக்கும் இடையேயுள்ள வேறுபாடு புலனாகும். படை விதிகள் அட்டையை அரசின் உடைமையாகக் கருதி, அதனைத் தொலைத்த வீரனைத் தண்டிக்கின்றன. ஜெனீவா விதிகளோ அட்டையை மனிதனின் காப்பாகக் கருதி, அதனை வழங்கும் பொறுப்பையும் பறியாதிருக்கும் பொறுப்பையும் அரசுகள்மீது சுமத்துகின்றன.

இப்பொறுப்பின் பெறுமதியை 1914 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் செஞ்சிலுவைச் சங்கம் ஜெனீவாவில் நிறுவிய போர்க்கைதிகள் முகவரகம் நடைமுறையிற் காட்டியது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் அங்கு ஏறத்தாழ 70 இலட்சம் குறிப்பட்டைகள் தொகுக்கப்பட்டன. புகழ்பெற்ற பிரான்சிய எழுத்தாளரும் போரெதிர்ப்பாளருமான ரொமெய்ன் ரோலண்ட் அங்குத் தொண்டராகப் பணிபுரிந்தார். காணாமற் போன மகனைப் பற்றித் தாய் எழுதிய கடிதத்துக்கு விடை கூறுவதாயின், அம்மகனின் பெயரும் எண்ணும் எங்கேனும் ஒரு பத்திரத்தில் எஞ்சியிருத்தல் வேண்டும்.

5. அட்டை பெறாதோர்

பேணுவதற்கு அட்டையே வழங்கப்படாதோர் நிலை யாது? இவ்வினா தமிழர் வரலாற்றோடும் நேரடித் தொடர்புடையது.

1942-1943 ஆம் ஆண்டுகளில் யப்பானியப் படை சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையை அமைத்தது. 60,000 பேருக்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். 1929 ஆம் ஆண்டின் போர்க்கைதிகள் உடன்படிக்கையில் யப்பான் கைச்சாத்திட்டிருந்தும் அதனை உறுதிப்படுத்தவில்லை. எனினும், அக்கைதிகளுக்குப் படையெண் இருந்தது. யப்பானியர் எழுதிய கைதி அட்டைகள் இருந்தன. அவர்தம் உத்தியோகத்தர் மறைவாக எழுதிவைத்த மரணப் பதிவுகளும் இருந்தன. போரின் பின்னர் இவற்றின் துணைகொண்டே சடலங்கள் தேடியெடுக்கப்பட்டன. இன்று காஞ்சனபுரி மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்குற அமைந்துள்ளன.

அதே பாதையில் கைதிகளைவிடப் பன்மடங்கு தொகையினரான ஆசியத் தொழிலாளர் உழைத்தனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோருள் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டத் தமிழர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் அவர்கள் மாண்ட தொகை கைதிகளின் மரணத்தொகையிலும் பன்மடங்காகும். அவர்களுக்குப் படையெண் இல்லை, தகடு இல்லை, மரணத்தைக் குறித்துவைக்கும் உத்தியோகத்தர் இல்லை. பெயர் பொறித்த கல்லறைத் தோட்டமும் அவர்களுக்கு அமையவில்லை. ஒரே காட்டில், ஒரே நோயால், ஒரே எசமானின் கீழ் மாண்ட இரு சாராருள் ஒருவர்க்கு வரலாறு பெயராக நிற்க, மற்றவர்க்கு வெறும் மதிப்பீட்டுத் தொகையாக நிற்கின்றது. அடையாளப் பத்திரத்தின் முக்கியத்துவத்தை இதனினும் கொடுமையாக எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

பத்திரம் மட்டும் போதியதென்றும் கூறுதற்கில்லை. ஈராக்கில் 1929 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட பஸ்ரா நினைவகத்தில் பிரித்தானியரின் பெயர்களும் இந்திய உத்தியோகத்தரின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரண வீரரோ படைப்பிரிவும் தொகையுமாகவே குறிக்கப்பட்டனர். பெயர் அறியப்படாமை மட்டுமே இதற்குக் காரணமன்று. அப்பெயர்கள் பொறிக்கத்தக்கன அல்ல என்ற காலனித்துவ மனப்பாங்கே முதன்மையானது. முதலாம் உலகப்போரில் மடிந்த ஆசிய, ஆபிரிக்க மக்களுள் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்பதைப் பொதுநலவாயப் போர்க்கல்லறைகள் ஆணைக்குழு 2021 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் ஏற்றுக்கொண்டது.

காலனித்துவ அரசுக்கு அடையாளச் சீட்டு வழங்கத் தெரியாதிருந்தது என்பதற்கில்லை. கென்யாவில் 1915 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, போர் முடிந்ததும் நடைமுறைக்கு வந்த ‘கிப்பாண்டே’ என்னும் பத்திரத்தை 16 வயதுக்கு மேற்பட்ட ஆபிரிக்க ஆண்கள் யாவரும் உலோகப் பெட்டியிலிட்டுக் கழுத்தில் தொங்கவிட வேண்டியிருந்தது. விரலடையாளமும் வேலை விபரமும் அதில் இருந்தன. அஃதின்றி நடமாடுதல் குற்றம். 1920களின் தொடக்கத்தில் ஹாரி துக்கு தலைமையில் எழுந்த எதிர்ப்பியக்கத்தின் முறைப்பாடுகளுள் இதுவும் ஒன்று. இறந்தபின் ஆபிரிக்கனின் பெயரைக் காக்கக் காகிதம் தேடாத அரசு, உயிரோடிருக்கும்போது அவன் உழைப்பைக் கட்டிவைக்கக் காகிதம் தேடியது. அடையாளப் பத்திரம் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அது எவர் நலனுக்காக எழுதப்படுகின்றது என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றது.

6. பேணும் பொறுப்பு யாருடையது?

வீரன் தன் பத்திரத்தைப் பேணுமாறு பணிக்கும் அரசுகள் தம்மிடமுள்ள பதிவுகளை எவ்வாறு பேணின என்பதையும் நோக்குதல் வேண்டும். 1940 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டனிலிருந்த போர் அலுவலகக் களஞ்சியம் குண்டுவீச்சில் எரிந்தபோது, முதலாம் உலகப்போர் வீரரின் சேவைப் பதிவுகளுள் பாதிக்கு மேற்பட்டவை அழிந்தன. 1973 ஆம் ஆண்டு யூலை 12 ஆம் திகதி அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலிருந்த பதிவு நிலையத்தில் ஏற்பட்ட தீயில் 160 முதல் 180 இலட்சம் வரையான படைவீரர் கோப்புகள் எரிந்தன. அவற்றுக்கு வேறு பிரதிகள் எடுக்கப்பட்டிருக்கவில்லை. ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் கோரிய முதிய வீரர்க்கு, வீட்டுப் பெட்டியில் இருந்த பழைய விடுவிப்புப் பத்திரமே ஆதாரமாயிற்று. 1949 ஆம் ஆண்டின் உடன்படிக்கை இரு பிரதிகளை வலியுறுத்தியமையின் தூரநோக்கு இத்தகைய அழிவுகளால் நன்கு விளங்கும்.

இக்காலத்தில் அட்டையின் உருவம் மாறியுள்ளது. பல நாட்டுப் படைகளின் அட்டைகளில் மின்னணுச் சில்லு பொருத்தப்பட்டு, அது கட்டடத்தின் கதவையும் கணினியையும் ஒருங்கே திறக்கின்றது. அட்டையைக் களவாடாமலே அதன் ஒளிப்படத்தைக் கொண்டு போலியாக்க இயலும். ஆதலின் அட்டையைப் பொது இடத்திற் காட்டாதிருத்தல், படமெடுத்துப் பகிராதிருத்தல், தொலைந்தவுடன் அறிவித்தல் ஆகியன வீரனின் நியாயமான கடமைகளாகும். ஆயின், 2015 ஆம் ஆண்டு அமெரிக்க ஆளணி முகாமைத்துவ அலுவலகத்தின் கணினிகள் ஊடுருவப்பட்டமை வெளியானபோது, பின்னணி விசாரணைக்கு உட்பட்ட 215 இலட்சம் பேரின் விபரங்களும், 56 இலட்சம் பேரின் விரலடையாளங்களும் களவாடப்பட்டமை தெரியவந்தது. தம் அட்டையைக் கண்ணெனப் போற்றியவரும் இதற்குத் தப்பவில்லை. தொலைந்த அட்டைக்கு மாற்று உண்டு. களவுபோன விரலடையாளத்துக்கு மாற்று இல்லை.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவதாக, அடையாளச் சீட்டு மனிதனின் பெயரைக் காக்கும் தேவையிலிருந்தே பிறந்தது. இரகசியம் காக்கும் தேவை பின்னரே அதனோடு சேர்ந்தது. இரண்டாவதாக, ஒருவனது அட்டையின் பாதுகாப்பு ஏனையோரின் பாதுகாப்போடு பிணைந்துள்ளது. ஆதலால் அதனைப் பேணுதல் தனிமனித ஒழுக்கத்தைக் கடந்த சமூகக் கடமையாகும். மூன்றாவதாக, அக்கடமையை வீரன்மீது மட்டும் சுமத்தி, வழங்கலிலும் பதிவிலும் பேணலிலும் அரசுகள் தவறுமாயின், தண்டனை விதிகள் எவையும் பயன்தரா.

போர்க்கால அடையாளப் பத்திரங்கள் இன்று ஆவணக் காப்பகங்களில் ஆய்வாளர்க்கு மூலாதாரங்களாக விளங்குகின்றன. அவற்றைப் படிக்கும் ஆய்வாளர், பத்திரம் விட்டுச் சென்றோரின் வரலாற்றை எழுதுவதோடு அமைதல் ஆகாது. சயாம்க் காட்டில் மடிந்த தோட்டத் தொழிலாளரைப் போன்று பத்திரமே பெறாதோரின் வரலாற்றை, தோட்டப் பதிவேடுகள், எஞ்சியோர் வாய்மொழிகள், குடும்ப நினைவுகள் ஆகியவற்றினின்று தேடித் தொகுத்தலும் அவர்தம் கடமையாகும். அச்சான்றுகளைத் தாங்கிய தலைமுறை மறைந்து கொண்டிருக்கின்றது. அப்பணி காலந்தாழ்த்தாது மேற்கொள்ளப்படல் வேண்டும்.